பைக் விபத்து கேஸ்: பிபி 108/84, தொடை வளைந்திருக்கு. முதலில் எதில் கை வைப்பது?

புது_இஎம்டி எழுதியது:

வணக்கம். எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன் பயிற்சியில் கொடுத்த கேஸ் இது. வகுப்பே இரண்டு கட்சியாகி நிற்கிறது. ஃபீல்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நான்குவழிச் சாலை. நின்றிருந்த லாரியின் பின்னால் பைக் மோதியிருக்கிறது. 28 வயது ஆண், முழு முகமும் மூடும் ஹெல்மெட், மல்லாந்து கிடக்கிறார். கூப்பிட்டால் கண் திறக்கிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார். ஜிசிஎஸ் (நினைவு நிலை அளவு, முழு மதிப்பெண் 15) கண் 3, பேச்சு 4, அசைவு 6, மொத்தம் 13. மூச்சு நிமிடத்துக்கு 30. மணிக்கட்டில் பல்ஸ் 128, மெல்லிசு. பிபி 108/84. எஸ்பிஓ2 (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்) 93. உடம்பு சில்லென்று வியர்த்திருக்கிறது. வலது தொடை நடுவில் வளைந்து பருத்திருக்கிறது, தோல் கிழியவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே பேன்ட் முழுக்க ரத்தம். இடது விலாவில் சிராய்ப்பு. இடுப்புப் பக்கம் கை போனாலே முகம் சுளிக்கிறார். வண்டியில் நாமும் பைலட்டும் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) மட்டும். ட்ராமா சென்டர் 35 நிமிடம்.

பாதிப் பேர் தொடைக்கு ட்ராக்‌ஷன் ஸ்ப்ளிண்ட் (காலை இழுத்து நேராகப் பிடிக்கும் கருவி) போட்டுத்தான் தூக்கணும் என்கிறார்கள். மீதிப் பேர் முதலில் நரம்பில் லைன் போட்டு இரண்டு பாட்டில் சலைன் ஓட விடணும் என்கிறார்கள். பிபி 108 இருப்பதால் ஷாக் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) இல்லை என்று இன்னொரு குரல். இடது காலுக்கு டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை) தேவையா? ஹெல்மெட்டைக் கழற்றலாமா? இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கலாமா?

---

ஸ்ட்ரெச்சர்_சிங்கம்:

ஷாக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் சறுக்கினால் மற்ற எல்லாம் தப்பாகத்தான் போகும். ஷாக் இருக்கிறது தம்பி, சந்தேகமே வேண்டாம்.

பல்ஸை மேல் பிபியால் வகுத்துப் பாருங்கள். 128-ஐ 108-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.2. நல்ல நிலையில் இருப்பவருக்கு 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 0.9 தாண்டினாலே உஷாராகணும். 1-க்கு மேல் போனால், இவருக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டே வேலை பாருங்கள். அடுத்து மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் உள்ள இடைவெளி. இங்கே வெறும் 24. ரத்தக்குழாய்கள் இறுகி கீழ் பிபியைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுகிற அளவு குறைந்துவிட்டது. சில்லென்ற தோலும் வியர்வையும் அதையேதான் சொல்கின்றன. இளவயதுக்காரர் உடம்பு மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் வரை போனாலும் மேல் பிபியை விட்டுக்கொடுக்காது. 70 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை லிட்டர். அதற்குப் பிறகு மளமளவென்று விழும். பிபி விழுந்த பிறகு ஷாக் என்று சொல்வதற்கு வண்டியில் இஎம்டி தேவையில்லை.

மணிக்கட்டில் பல்ஸ் கிடைத்தால் பிபி 80-க்கு மேல் என்று ஒரு பழைய பாடம் உண்டு. அதை மறந்துவிடுங்கள். நிஜ பிபி அதைவிடக் குறைவாக இருக்கும்போதும் மணிக்கட்டில் துடிப்பு தட்டுப்படும்.

இப்போது வரிசை. ஏ, பி, சி-க்கு (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்) முன்னால் ஒரு எக்ஸ் வந்துவிட்டது: கண்ணுக்குத் தெரிந்து கொட்டும் ரத்தம். அதனால் முதலில் இடது கால். பேன்ட் நனைந்திருக்கிறது என்பதை வைத்து டூர்னிக்கெட் முடிவு செய்யாதீர்கள். கத்தரியை எடுத்து கணுக்காலிலிருந்து தொடை வரை ஒரே வெட்டு, காயத்தைக் கண்ணால் பாருங்கள். பீச்சி அடிக்கிறதா, நிற்காமல் வழிகிறதா, தரையில் தேங்கியிருக்கிறதா, இல்லை கசிவுதானா? கசிவென்றால் காஸ் பேட் வைத்து அழுத்தி, க்ரேப் பேண்டேஜ் இறுக்கமாகச் சுற்றுங்கள், போதும். கட்டு நனைந்தால் அதன் மேல் இன்னொரு கட்டு, அதன் மேல் இன்னொன்று என்று தலைப்பாகை கட்டாதீர்கள். ரத்தம் வரும் புள்ளியில் அழுத்தமே போய்ச் சேராது, பஞ்சு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை பிரித்து, புள்ளியைத் தேடிப் பிடித்து, ஆழமான காயமென்றால் காஸை விரலால் அடிவரை திணித்து அழுத்துங்கள். ரத்தம் உறைய வைக்கும் மருந்து தடவிய காஸ் என்றால் 3 நிமிடம், சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம், நடுவில் எடுத்து எட்டிப் பார்க்காமல்.

பீச்சி அடித்தாலோ, அழுத்தியும் நிற்காவிட்டாலோ, அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாவிட்டாலோ டூர்னிக்கெட். இரண்டே ஆள் உள்ள வண்டியில் மூன்றாவது காரணம்தான் அடிக்கடி வரும். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல். காயம் முழங்காலை ஒட்டி இருந்தால் தொடைக்குப் போய்விடுங்கள். பட்டையை முதலில் கையால் இழுத்து தளர்வே இல்லாமல் மாட்டி, பிறகு கம்பியைத் திருகுங்கள். பட்டை தொளதொளவென்று இருந்தால் எத்தனை சுற்று திருகினாலும் இறுகாது. எப்போது நிறுத்துவது? ரத்தம் நின்று, பாதத்தில் பல்ஸும் காணாமல் போனால். அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபட்டு, தமனி வழியே ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். போடாததைவிட அது மோசம். ஒன்று போதாவிட்டால் அதற்கு மேலேயே இன்னொன்று. நேரத்தை பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள், அந்தக் காலைப் போர்வையால் மூடாதீர்கள். வலியில் கத்துவார். கத்துகிறாரே என்று தளர்த்தாதீர்கள்.

கால் போய்விடும் என்ற பயம் இன்னும் பல வகுப்புகளில் ஓடுகிறது. 2 மணி நேரத்துக்குள் கழற்றப்படும் டூர்னிக்கெட்டால் கால் போவது அரிது. உங்களுக்கு 35 நிமிடப் பயணம்தான்.

ஹெல்மெட்: இந்த ஆளுக்குக் கழற்றணும். ஜிசிஎஸ் குறைந்திருக்கிறது, ஆக்ஸிஜன் மாஸ்க் உட்காராது, வாந்தி எடுத்தால் உறிஞ்ச வழியில்லை. ஆனால் தனி ஆளாகக் கழற்றக் கூடாது. பைலட் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்து, விரல் நுனிகள் தாடை எலும்பில் படும்படி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கவாட்டில் இருந்து பட்டியை வெட்டி, ஒரு கையால் தாடையையும் மறுகையைக் கழுத்துக்கு அடியில் விட்டு பிடரியையும் தாங்குங்கள். தலையின் பொறுப்பு இப்போது உங்களுடையது. பைலட் ஹெல்மெட்டின் பக்கங்களை வெளிப்புறமாக விரித்து, மூக்கைத் தாண்டும் அளவுக்கு லேசாகப் பின்னால் சாய்த்து, பிறகு பிடரி வளைவைத் தாண்ட முன்பக்கமாகத் திருப்பி மெல்ல இழுக்கணும். பாதி வந்ததும் நிறுத்தி, உங்கள் கையை மேலே நகர்த்திப் பிடரியை முழுசாகத் தாங்குங்கள். இங்கேதான் தப்பு நடக்கும். ஹெல்மெட் வெளியே வந்த நொடியில் தாங்கல் இல்லாமல் தலை தொப்பென்று தரையில் விழும். கழற்றியதும் தலைக்கு அடியில் மடித்த துணி, அப்புறம் காலர். மூச்சுப்பாதை திறக்க தலையை அண்ணாத்தாமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளுங்கள். ரிசர்வாயர் பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர், பை முழுசாக உப்பிய பிறகுதான் முகத்தில் வைக்கணும்.

லைன், பாட்டில் எல்லாம் வண்டி கிளம்பிய பிறகு. ரோட்டில் 10 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. லைனுக்காக நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் உள்ளே கொட்டுகிற ரத்தத்துக்குக் கொடுக்கிற நேரம்.

---

நைட்_ட்யூட்டி_டாக்டர்:

சிங்கம் சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இடுப்பிலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் கேஸ் எழுதியவர் அங்கேதான் கண்ணி வைத்திருக்கிறார். எல்லார் கண்ணும் வளைந்த தொடையில் நிற்கும். மூடிய தொடை எலும்பு முறிவில் 1 முதல் 1.5 லிட்டர் வரை தொடைக்குள்ளேயே தேங்கலாம், அதுவே பெரிசுதான். இடுப்பு வளையம் திறந்துகொண்டால் 2 லிட்டருக்கு மேல் போகும், வெளியே ஒரு சொட்டு தெரியாது. பைக் நேராக மோதும்போது ஓட்டுபவர் முன்னால் வழுக்கி, பெட்ரோல் டேங்கில் கவட்டை இடிக்கும். இடுப்பு எலும்பு முன்பக்கம் பிளந்து விரிய அந்த ஒரு இடி போதும். டேங்க் நசுங்கியிருக்கிறதா என்று இறங்கும்போதே ஒரு பார்வை பாருங்கள், அதற்கு நேரமே ஆகாது.

அழுத்திப் பார்க்கலாமா? வேண்டாம். இரண்டு பக்கமும் அழுத்தி, விரித்து ஆட்டிப் பார்க்கும் பழைய முறை உடைந்த எலும்பை நகர்த்தி, உறைந்துவந்த ரத்தக்கட்டியைப் பிய்த்துவிடும். உடையாதவருக்கு எதையும் நிரூபிக்கவும் செய்யாது. அடிபட்ட விதம் பொருந்தி, வலி இருந்தால், அல்லது ஷாக்கோ குழப்பமோ இருந்தால், கேள்வி கேட்காமல் பைண்டர் (இடுப்பைச் சுற்றி இறுக்கும் அகலப் பட்டை). சிறுநீர் வரும் வழியில் ரத்தம், விதைப்பையில் வீக்கம், கால் நீள வித்தியாசம் எல்லாம் துணைச் சான்று. அவை இல்லை என்பதால் பைண்டரை விட்டுவிடாதீர்கள்.

பைண்டர் உட்கார வேண்டிய இடம் தொடை எலும்பின் மேல்முனை வெளியே துருத்தும் மட்டம். பேன்ட் பாக்கெட்டில் கை விட்டால் விரல்கள் போய் நிற்குமே, ஏறக்குறைய அங்கே. பெல்ட் கட்டும் இடத்தில் போடுவதுதான் நான் ஆஸ்பத்திரி வாசலில் அதிகம் பார்க்கும் பிழை. மேலே இறுக்கினால் கீழ்வளையம் இன்னும் விரியும். போடும் முன் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். செல்போன், சாவிக்கொத்து, பர்ஸ் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பேன்ட்டை வெட்டி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

திரவம்: இரண்டு பாட்டில் ஓட விடும் கட்சி தோற்றது. இரண்டு லிட்டர் சலைன் உறைவுப் பொருட்களை நீர்த்துப்போகச் செய்யும், உடம்பைக் குளிர வைக்கும், பிபியைத் திடீரென்று ஏற்றி இப்போதுதான் உட்கார்ந்த கட்டியைத் தள்ளிவிடும். தலைக்காயம் இல்லாத ஆளுக்கு மேல் பிபி 80 முதல் 90 வரை இருந்தால் போதும் என்று விடலாம். ஆனால் இவர் ஜிசிஎஸ் 13. குழப்பம் ஷாக்கால் வந்ததா, ஆக்ஸிஜன் குறைவாலா, தலையில் அடியாலா என்று ரோட்டில் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே தலைக்காயம் என்றே வையுங்கள். அப்போது இலக்கு மேல் பிபி 110. அடிபட்ட மூளைக்கு குறைந்த பிபியும் குறைந்த ஆக்ஸிஜனும் சேர்ந்து வந்தால் கதை முடிந்தது. 250 மில்லி நார்மல் சலைன், திரும்ப அளவு, தேவைப்பட்டால் இன்னொரு 250. பச்சை 18ஜி-யோ சாம்பல் 16ஜி-யோ முழங்கை மடிப்பில். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் தலைக்காயத்தில் ஆகாது, மூளை வீக்கம் கூடும். சர்க்கரை குறைந்திருப்பதை குளுக்கோமீட்டர் காட்டினால் மட்டும் அது வேறு கணக்கு. குழப்பமாகப் பேசும் எவருக்கும் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள். வாயில் சாராய வாடை அடித்தாலும் பாருங்கள், குறிப்பாக அப்போது பாருங்கள். "தண்ணி போட்டிருக்கான்" என்று ஒதுக்கப்பட்ட குழப்பத்துக்கு அடியில் மண்டைக்குள் ரத்தக்கட்டு இருந்துவிடும்.

டிரானெக்ஸாமிக் ஆசிட் (உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து): 2010-ல் வந்த க்ராஷ்-2 ஆய்வில் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் பார்த்து நிறுவியது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் 1 கிராம், 10 நிமிடத்தில். முதல் ஒரு மணி நேரத்தில் பலன் மிக அதிகம். 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு கூடுகிறது. நம் ஊர் ஆம்ப்யூல் 5 மில்லியில் 500 மி.கி., ஆகவே இரண்டு ஆம்ப்யூலை 100 மில்லி சலைனில் கலக்கணும். 20 சொட்டுக்கு 1 மில்லி வரும் செட்டில் 10 நிமிடத்தில் முடிக்க நிமிடத்துக்கு 200 சொட்டு, அதாவது ஏறக்குறைய முழுசாகத் திறந்துவிட்டதுபோல் ஓடும். நேரடியாகச் சிரிஞ்சில் வேகமாகத் தள்ளாதீர்கள், பிபி இறங்கும். கால் சென்டரில் இருக்கும் இஆர்சிபி டாக்டரிடம் உத்தரவு வாங்கி, நேரத்தைக் குறித்துக் கொடுங்கள்.

---

கட்டுப்போடும்_கை:

பைண்டர் இல்லாத வண்டிக்காக ஒரு வார்த்தை. பெட்ஷீட்டே போதும். நீளவாக்கில் 20 முதல் 25 செ.மீ. அகலம் வரும்படி மடியுங்கள். ஆளைத் தூக்கி அடியில் வைக்காதீர்கள். முழங்கால் மடிப்புக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் நுழைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து மேலே கொண்டுவந்தால் தானாக வந்து உட்காரும். முன்னால் குறுக்கே மாற்றிப் பிடித்து எதிரெதிரே இழுங்கள். இறுகியதும் ஒரு முறுக்கு முறுக்கி, பெரிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இரண்டால் கவ்வி விட்டால் முடிச்சைவிட நன்றாக நிற்கும். முடிச்சு போடும் நேரத்தில் பாதி இறுக்கம் போய்விடும். எவ்வளவு இறுக்கணும் என்றால் விரிந்த இடுப்பு பழைய அளவுக்கு வரும் வரை, நசுக்கும் அளவுக்கு இல்லை. லாக் ரோல் (ஆளை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருட்டுவது) தவிர்த்து ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை இரண்டு பாதியாக அடியில் விட்டு எடுங்கள். கட்டாயம் திருப்பித்தான் ஆகணும் என்றால் பைண்டர் போட்ட பிறகு, 15 டிகிரிக்கு மேல் போகாமல்.

ட்ராக்‌ஷன் ஸ்ப்ளிண்ட் கட்சிக்கு: இந்த ஆளுக்கு அது கூடாது. இழுக்கும் விசை திரும்ப எங்கே போய் முட்டும்? கவட்டைக்கு மேல் உள்ள இடுப்பு எலும்பில். உடைந்த இடுப்பை அது இன்னும் தள்ளும். தொடை நடுவில் மட்டும் முறிவு, இடுப்பும் முழங்காலும் கீழ்க்காலும் சேதமில்லை என்றால்தான் அந்தக் கருவி. இங்கே ஒரு தடவை மட்டும், கணுக்காலைப் பிடித்து நீளவாக்கில் மெதுவாக இழுத்து நேராக்குங்கள். முன்னும் பின்னும் பாதத்தின் மேல்பக்கப் பல்ஸ் பாருங்கள். எதிர்ப்பு தட்டினாலோ வலி எகிறினாலோ அப்படியே நிறுத்தி, இருக்கும் நிலையில் தாங்கல் கொடுங்கள். நேராக்கிவிட்டால் தொடைக்குள் ரத்தம் தேங்கும் இடமே சுருங்கிவிடும், வலியும் குறையும்.

டாக்டரிடம் ஒரு கேள்வி. பலகை ஸ்ப்ளிண்ட் கட்ட 4, 5 நிமிடம் போகிறது. இரண்டு காலுக்கும் நடுவில் போர்வை வைத்து, முழங்கால் மேலும் கணுக்காலிலும் சேர்த்துக் கட்டி ஸ்கூப்போடு ஸ்ட்ராப் போட்டால் ஒரு நிமிடம். ஆனால் இடது காலில் காயம் இருக்கிறதே?

---

நைட்_ட்யூட்டி_டாக்டர்:

சேர்த்தே கட்டுங்கள். இடது காயத்தின் மேல் கட்டு விழாமல், டூர்னிக்கெட் இருந்தால் அது வெளியே தெரியும்படி. முழங்கால்களை ஒட்டி, பாதங்களை லேசாக உள்நோக்கித் திருப்பிக் கட்டினால் இடுப்பு மூடுவதற்கும் அது உதவும். பளபளவென்று ஸ்ப்ளிண்ட் கட்டிக்கொண்டு 25 நிமிடம் தாமதமாக வருபவரைவிட, இரண்டு துண்டால் கட்டி வேகமாக வருபவர்தான் எனக்கு வேண்டும்.

---

புது_இஎம்டி:

தெளிவாகிவிட்டது, நன்றி. கேஸின் இரண்டாம் பாதி: வண்டி கிளம்பி 12-வது நிமிடம். எஸ்பிஓ2 84, மூச்சு 38, பிபி 76, பல்ஸ் 145. இடது பக்கம் காற்று போகும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைக்கவில்லை, மூச்சுக்குழல் நடுவில்தான் இருக்கிறது. புத்தகப்படி டென்ஷன் நியூமோதோராக்ஸ் (நெஞ்சறையில் சிக்கிய காற்று நுரையீரலையும் இதயத்தையும் அழுத்துவது) இல்லை என்று ஒருவர் வாதாடுகிறார்.

---

ஸ்ட்ரெச்சர்_சிங்கம்:

வாதாடுபவரிடம் சொல்லுங்கள், ரத்தம் வற்றிய ஆளுக்குக் கழுத்து நரம்பு எங்கிருந்து புடைக்கும்? மூச்சுக்குழல் விலகுவது கடைசி நேர அறிகுறி, அதற்காகக் காத்திருந்தால் விலகுவதற்குள் இதயம் நின்றுவிடும். தட்டிப் பார்ப்பதெல்லாம் சைரன் சத்தத்தில் நடக்காத காரியம். கையால் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் விலாவின் இரு பக்கமும் வைத்தால் எந்தப் பக்கம் ஏறவில்லை என்று தெரியும். தோலுக்கடியில் நறநறவென்று காற்று நெருடினால் விஷயம் உறுதி. நெஞ்சில் அடி, ஒரு பக்கம் காற்று போகவில்லை, அதோடு மூச்சும் பிபியும் சேர்ந்து மோசமாகின்றன. முடிவெடுக்க இந்த மூன்று போதும். நீங்கள் ஆம்பு பேக் (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டிருந்தால், அழுத்த அழுத்த பை இறுகும். நாம் உள்ளே தள்ளும் காற்றே சாதாரண நியூமோதோராக்ஸை டென்ஷனாக்கும் என்பதால், விலாவில் அடிபட்டவருக்கு ஆம்பு போட ஆரம்பித்த நிமிடத்திலிருந்து இதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கணும்.

இஆர்சிபி உத்தரவோடு, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது: பெரியவருக்கு 5-வது விலா இடைவெளி, அக்குள் முன்மடிப்புக் கோட்டிலிருந்து அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்வரை. ஆணுக்கு முலைக்காம்பு மட்டம் ஒரு அடையாளம். கையைத் தூக்கி வைத்து, தோலைத் துடைத்து, கீழே உள்ள விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி நேர்செங்குத்தாக ஊசி. விலாவின் கீழ்விளிம்பில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன, அதனால்தான் மேல்விளிம்பு. காற்று வெளியேறியதும் ஊசியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாயை அங்கேயே விடணும். குழந்தைகளுக்கு இன்னும் பழைய இடம்தான்: காறை எலும்பின் நடுக்கோட்டில் 2-வது இடைவெளி.

நீளம்தான் பிரச்சினை. வார்டில் கிடைக்கும் ஆரஞ்சு 14ஜி கேனுலா ஏறக்குறைய 4.5 செ.மீ. சதைப்பிடிப்பான நெஞ்சில் அது உள்ளறையை எட்டாது. குத்தியும் பலனில்லை, டென்ஷன் இல்லை போலிருக்கிறது என்று தப்பாக முடிவெடுத்துவிடுவார்கள். இதற்கென்று வரும் 8 செ.மீ. ஊசி வண்டியில் இருக்கிறதா என்று ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே பாருங்கள். உள்ளே போன குழாயும் மடங்கும், ரத்தக்கட்டி அடைக்கும். எஸ்பிஓ2 ஏறி, 10 நிமிடத்தில் திரும்ப விழுந்தால் பக்கத்திலேயே இன்னொன்று.

ஓட்டை விழுந்து காற்று உறிஞ்சும் நெஞ்சுக் காயம் வேறு சங்கதி. அதை வால்வு வைத்த செஸ்ட் சீலால் மூடணும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தாளை மூன்று பக்கம் மட்டும் ஒட்டி ஒரு பக்கம் திறந்து விடணும். மூடிய பிறகு மூச்சு மோசமானால் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காற்றை வெளியே விடுங்கள்.

---

ட்ரையாஜ்_அக்கா:

வாசலில் நிற்பவள் என்ற முறையில் இரண்டு மூன்று கோரிக்கை.

எங்கே கொண்டுபோவது என்பதும் சிகிச்சைதான். இந்த ஆளுக்கு சிடி, ரத்த வங்கி, அறுவை அரங்கு மூன்றும் வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறக்கினால், அங்கிருந்து மறுபடி ஏற்றி அனுப்பவே முக்கால் மணி நேரம் போகும். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் (TAEI) சென்டருக்கே வாருங்கள். மூச்சுப்பாதையைக் காப்பாற்றவே முடியவில்லை என்றால் மட்டும் வழியில் நிறுத்துங்கள். செலவைப் பற்றி உறவினர் பதறினால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில்கூட பணம் கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

கிளம்பியதுமே போன் செய்யுங்கள். "ஆக்சிடென்ட் கேஸ் வருது" என்பது தகவல் இல்லை. இந்த ஆளுக்கு ஊசி போட்ட பிறகு பேசுவதென்றால் இப்படிச் சொல்லுங்கள்: "28 ஆண், பைக் லாரி மோதல், 40 நிமிடம் முன். இடுப்பு, வலது தொடை, இடது நெஞ்சு, தலை. பல்ஸ் 145, பிபி 76, ஜிசிஎஸ் 13. பைண்டர் போட்டாச்சு, இடது காலில் டூர்னிக்கெட் 9:20, இடது நெஞ்சில் ஊசி, டிரானெக்ஸாமிக் 1 கிராம் 9:35. 15 நிமிடத்தில் வருகிறோம்." இருபது நொடிக்குள் முடியும். நாங்கள் ஓ நெகடிவ் பைகளை எடுத்து வைத்து, சர்ஜனையும் ஐசிடி (நெஞ்சுக் குழாய்) தட்டையும் தயாராக வைத்திருப்போம்.

ஏசியை அணைத்துவிடுங்கள், சார். வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் ரத்தம் இழந்த உடம்பு சூடு உண்டாக்காது, குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறையாது. நனைந்த துணியை வெட்டி எடுத்து, துடைத்து, போர்வை. உங்களுக்கு வியர்த்தால்தான் பேஷண்டுக்குச் சரியான சூடு. விரல் சில்லிட்டிருந்தால் எஸ்பிஓ2 மீட்டர் பொய் சொல்லும், காது மடலில் மாட்டிப் பாருங்கள். ஓடும் வண்டியில் தானியங்கி பிபி காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள், குலுங்கலில் என்ன வேண்டுமானாலும் காட்டும். கையால் ஒரு தடவை பாருங்கள்.

இதே கேஸில் ஆள் 65 வயது, பிபி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் பல்ஸ் 85-லேயே நிற்கலாம், யாரும் பயப்பட மாட்டார்கள். வயதானவரின் பிபி 110 இருந்தால் அது அவருக்குக் குறைவு என்றே எடுங்கள். சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தால் கூடவே கொண்டுவாருங்கள், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிறாரா என்று அதில்தான் தெரியும். ஆறேழு மாதக் கர்ப்பிணி என்றால் போர்டோடு இடது பக்கம் 15 முதல் 30 டிகிரி சாய்த்து வையுங்கள். மல்லாந்து கிடத்தினால் கர்ப்பப்பை பெரிய சிரையை அழுத்தி, பிபி இன்னும் இறங்கும்.

---

பைபாஸ்_ரைடர்:

நான் இந்தத் துறை இல்லை, தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டுபவன். 108 வருவதற்குள் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்? போலீஸ் கேஸ் ஆகுமா என்றுதான் பலரும் நகர்ந்து போகிறார்கள்.

---

கட்டுப்போடும்_கை:

கேஸ் பயம் வேண்டாம் சகோ. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

உங்கள் வண்டியைக் கொஞ்சம் பின்னால் நிறுத்தி ஹசார்ட் விளக்கு போடுங்கள். அடுத்த லாரி வந்து உங்களையும் சேர்த்து அடிக்காமல் இருக்க அதுதான் முதல் வேலை. 108-க்குச் சொல்லும்போது கிலோமீட்டர் கல்லும் எந்தப் பக்கம் போகும் பாதை என்பதும் சொல்லணும். எதிர்ப்பக்கம் போய்விட்டால் யூ டர்ன் எடுத்துத் திரும்ப வர ரொம்ப நேரமாகும். ரத்தம் கொட்டினால் துண்டோ கைக்குட்டையோ மடித்து, முழங்கையை மடக்காமல் உடம்பு எடையால் அழுத்துங்கள், ஆள் வரும் வரை எடுக்காதீர்கள். கால் துண்டாகிப் பீச்சுகிறது என்றால் 4, 5 செ.மீ. அகலத் துணிப்பட்டை, அதில் ஸ்க்ரூ டிரைவரோ ஸ்பானரோ செருகித் திருகலாம். கயிறு, சார்ஜர் வயர் வேண்டாம், சதையையும் நரம்பையும் அறுக்கும். துண்டான பாகத்தை நேரே ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள்.

மூச்சு சரியாக இருந்தால் ஹெல்மெட்டை நீங்கள் தொட வேண்டாம், முகக்கண்ணாடியை மட்டும் தூக்குங்கள். கொரகொரவென்று சத்தம் வந்தால் தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி ஒருக்களிக்க வையுங்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். புரை ஏறும், அதோடு மயக்க மருந்து கொடுப்பவருக்கும் சிக்கல். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து பைக்கில் கொண்டுபோவது மட்டும் வேண்டவே வேண்டாம். இடுப்பு உடைந்தவரைக் கால் விரித்து உட்கார வைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை.

---

புது_இஎம்டி:

கடைசியாக ஒன்று. பைண்டர், டூர்னிக்கெட் எல்லாம் போட்டு வண்டியில் ஏற்றிய பிறகு எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்கணும்?

---

ஸ்ட்ரெச்சர்_சிங்கம்:

இவரைப் போன்ற சிவப்பு கேஸுக்கு 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, மேலிருந்து முழு வரிசையும். அதுபோக, ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் இறக்கும் முன் ஒரு தடவை. ஆளை நகர்த்தும்போதுதான் டூர்னிக்கெட் கம்பி க்ளிப்பிலிருந்து நழுவும், பைண்டர் மேலே ஏறும், நெஞ்சுக் குழாய் மடங்கும், ஆக்ஸிஜன் ட்யூப் சிலிண்டரிலிருந்து கழன்று மாஸ்க் மட்டும் முகத்தில் இருக்கும். ரிசர்வாயர் பை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள், ட்யூப் கழன்றது அங்கே உடனே தெரிந்துவிடும்.